தேயிலை வேலிக்கு மேலே ஒரு மலை

கொழும்பில் தேயிலைத் தொழிலில் இருப்பவர்களுக்குக் கென்யா என்றால் முதலில் போட்டிதான். மொம்பாசா ஏலத்தில் என்ன விலை போனது என்று பார்க்காமல் எங்கள் அலுவலகத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. கென்யாச் சரக்கின் மாதிரிகள் அவ்வப்போது எங்கள் ருசி பார்க்கும் மேசைக்கும் வரும். குறுணை குறுணையாக உருண்ட சீடீசீ தேயிலை, அதாவது இயந்திரத்தில் நசுக்கி, கிழித்து, சுருட்டியது. பிஓபி என்று நாங்கள் சொல்லும் நுவரெலியா உடைத்த இலைத் தேயிலையின் மணம் அதில் இராது. ஆனால் சாயம் செம்பொன்னாக இறங்கும், பாலை ஊற்றினாலும் மங்காது. நல்ல சரக்கு வரும் மாவட்டங்களில் மெரு, எம்பு, நியேரி, கிரின்யாகா ஆகிய நான்கையும் வரைபடத்தில் தேடிப் பாருங்கள். நான்கும் ஒரே மலையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். அது கென்யா மலை.

வேலை விஷயமாக மொம்பாசாவுக்குப் போக வேண்டி வந்தபோது, திரும்பும் விமானத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு அந்த மலைக்குப் போனேன். உச்சிக்குப் போகவில்லை. திரும்பி வந்ததும் அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர், யாழ்ப்பாணத்துக்காரர், படங்களைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“என்னடாப்பா, அவ்வளவு தூரம் போய் உச்சிக்கு ஏறேல்லையே? ஆருக்கும் சொல்லிப்போடாதை.”

“ஏற நினைக்கவே இல்ல அண்ணே.”

அவர் நம்பவில்லை. மலை என்றாலே உச்சி என்றுதான் எல்லோருக்கும் பழக்கம். சிவனொளிபாதமலைக்குப் போய்ப் பாதி வழியில் திரும்பினேன் என்றால் யார் மதிப்பார்கள்? கென்யா மலையின் இரண்டு பெரிய சிகரங்களான பட்டியான் (5199 மீற்றர்), நெலியோன் (5188 மீற்றர்) இரண்டும் கயிறு கட்டிப் பாறை ஏறுகிறவர்களுக்கு உரியவை. நடந்து போகிறவர்களுக்கு லெனானா முனை (4985 மீற்றர்) இருக்கிறது. அங்கே விடியலைப் பார்ப்பதற்காக நள்ளிரவு கழிந்ததும் டோர்ச் வெளிச்சத்தில் புறப்படுகிறார்கள். அந்த வழி நெடுக இருப்பவற்றை இருட்டில் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை. நான் போனதே அவற்றைப் பார்க்கத்தான்.

முதலில் மலை உருவான கதை. நம் மலைநாட்டுப் பாறை எரிமலை தந்ததல்ல. பூமியின் அடியாழத்தில் வெந்து, அழுந்தி, உருமாறி, பிறகு மேலே வந்த பாறை அது. அந்த உருமாற்றம் நடந்தே 50 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. கென்யா மலையோ ஏறக்குறைய 31 லட்சம் முதல் 26 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பொங்கிப் பொங்கி எழுந்த எரிமலை. அப்போது 6000 மீற்றருக்கு மேல் உயர்ந்திருக்கும் என்று கணிக்கிறார்கள். இன்று வானத்தைக் குத்தி நிற்கும் சிகரங்கள் அந்த எரிமலையின் வாயும் அல்ல, விளிம்பும் அல்ல. அவை எப்போதோ போய்விட்டன. குழம்பு ஏறிவந்த குழாய்க்குள்ளேயே உறைந்து இறுகிய அடைப்பு ஒன்று இருந்தது. சுற்றியிருந்த இளகிய பாறையையும் சாம்பலையும் பனியாறுகள் அரித்துக்கொண்டு போக, அந்த இறுகிய நடுத்தண்டு மட்டும் மிஞ்சியிருக்கிறது. கீழே சரிவுகளில் அதே எரிமலைப் பொருள் மக்கி, ஆள் ஆழத்துக்கும் மேலான செம்மண்ணாகிவிட்டது. மெருத் தேயிலை வேர்விட்டிருப்பது அதில்தான்.

எரிமலைக்கும் கொழும்புக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. கொழும்பின் முதல் பகிரங்கத் தேயிலை ஏலம் 1883 ஜூலை 30இல் நடந்தது. ஒரு மாதம் கழியுமுன், ஓகஸ்ட் 27இல், இந்தோனேசியாவில் கிரகட்டோவா வெடித்துச் சிதறியது. செப்டெம்பரில் இலங்கை வானத்தில் சூரியன் நீலமும் பச்சையுமாகத் தெரிந்ததென்று பதிவுகள் இருக்கின்றன. தேயிலை வாங்க வந்த துரைமார் அதைப் பார்த்து என்ன நினைத்தார்களோ.

சரி, மலைக்கு வருவோம். நைரோபியிலிருந்து வடக்கே நன்யுகி என்ற ஊர் வரை நல்ல பாதை. பூமத்திய கோடு அந்த ஊருக்குள்ளாகப் போகிறது. கோட்டில் ஒரு பலகை நட்டு, ஓட்டைப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, கோட்டுக்கு இந்தப் பக்கம் வலஞ்சுழி, அந்தப் பக்கம் இடஞ்சுழி என்று காட்டிக் காசு வாங்குகிறார்கள். பத்தடி நகர்ந்தால் தண்ணீர் சுழல்வது மாறாது. ஊற்றுகிறவருடைய கைவேலை அது. கைவேலை நன்றாக இருந்ததால் காசு கொடுத்தேன்.

நன்யுகியிலிருந்து சிரிமோன் வாயிலுக்குப் போய் வாகனத்தை விட்டு இறங்கினால், அந்த இடத்தின் உயரம் 2650 மீற்றர். நம் நாட்டின் ஆக உயர்ந்த பிதுருதலாகல 2524 மீற்றர்தான். அதாவது நம் நாடு முடிந்துபோகிற உயரத்துக்கும் மேலே இந்த நடை ஆரம்பிக்கிறது. ஆனால் அந்த உயரத்தில் இங்கே காடு இன்னும் நிமிர்ந்து நிற்கிறது. ஜூனிப்பரும் பொடோகார்ப்பஸும் ஓங்கிய காடு. ஹோட்டன் சமவெளியின் முடங்கிய, கிளை முறுக்கிய, பாசி போர்த்த மரங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த நிமிர்வு வியப்பாக இருக்கும். வெளுத்த தோள்முடியும் வெண்குஞ்ச வாலுமாக கொலொபஸ் குரங்குகள் கிளைக்குக் கிளை பாய்கின்றன. யானைச் சாணம் பாதையிலேயே கிடந்தது. வழிகாட்டி குனிந்து கையை வைத்துப் பார்த்துவிட்டு, விடியற்காலையில் போனது என்றார். எருமைகள்தான் அவருக்கு யானையைவிடப் பயம்.

ஈரமான தென்கிழக்குச் சரிவில் காட்டுக்கு மேலே மூங்கில் ஒரு தனி அடுக்காக நிற்கும். சிரிமோன் இருக்கும் வடமேற்குச் சரிவு மழை மறைவானது. அங்கே மூங்கில் அடுக்கு இல்லை. காடு மெலிந்து, ஆளுயர ஹீதர் புதர்களாகி, பிறகு புற்குத்துகள் நிறைந்த மேட்டு வெளியாகிறது. இந்த வெளியில் வரிக்குதிரைகூட மேய வரும். ஈலண்ட் என்ற பெரிய மானினமும் வரும். தேசியப் பூங்கா 1949இல் அறிவிக்கப்பட்டது, 715 சதுர கிலோமீற்றர். அதன் எல்லை பெரும்பாலும் இந்த மேட்டு வெளியை ஒட்டியே தொடங்குகிறது. கீழே சுற்றிவரக் காப்புக் காடு. இரண்டையும் சேர்த்து 1997இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. இந்தப் பெயர்களும் கோடுகளும் யானைக்கு ஒரு பொருட்டில்லை. 4000 மீற்றருக்கு மேலேயும் யானையின் தடம் பார்த்திருக்கிறார்கள்.

மெக்கிண்டர் பள்ளத்தாக்கில்தான் நான் தேடிப்போனது கிடைத்தது. பள்ளத்தாக்கின் பெயர் ஹல்ஃபோர்ட் மெக்கிண்டருடையது. 1899 செப்டெம்பர் 13இல் பட்டியானை முதலில் ஏறியவர்களில் ஒருவர். அவரோடு ஏறிய இரண்டு வழிகாட்டிகள் ஒல்லியேரும் புரொக்கரெல்லும் பெரும்பாலும் அடிக்குறிப்பாகவே போய்விடுகிறார்கள். மலை ஏறிய கதைகளில் இது வழக்கம்தான். அதற்கு ஐம்பது ஆண்டு முன், 1849இல், கிராப்ஃப் என்ற மதபோதகர் இந்த மலையில் பனியைக் கண்டதாக எழுதியபோது ஐரோப்பாவில் பலர் ஏற்க மறுத்தார்கள். பூமத்திய கோட்டில் பனியாவது!

பூமத்திய கோட்டில் இவ்வளவு உயர்ந்து நிற்பதால் விளைந்த விசித்திரம் என்னவென்றால், இங்கே குளிர்காலம் ஆண்டுக்கு ஒருமுறை வருவதில்லை. இரவுதோறும் வருகிறது. பூமத்திய கோட்டில் ஜனவரிக்கும் ஜூலைக்கும் வெப்பநிலையில் பெரிய வித்தியாசம் இராது. ஆனால் 4000 மீற்றர் உயரத்தில் பகலில் வெயில் தோலைச் சுடும், இருட்டினால் மண் உறைந்து நொறுங்கும். பகலெல்லாம் கோடை, இரவெல்லாம் குளிர்காலம் என்று சுவீடன் தாவரவியலாளர் ஒலோவ் ஹெட்பெர்க் இதைச் சுருக்கமாகச் சொன்னார். குளிர்நாட்டு மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு மாதக்கணக்கில் உறங்கிச் சமாளிக்கும். நாள்தோறும் இலையை உதிர்த்து நாள்தோறும் துளிர்க்க எந்தச் செடியாலும் ஆகாது. ஆகவே இங்கே வாழ்கிறவை வேறு வழி கண்டிருக்கின்றன.

ராட்சத செனெசியோவை எடுத்துக்கொள்வோம். டென்ட்ரோசெனெசியோ கெனியோடென்ட்ரோன் என்பது முழுப்பெயர். சூரியகாந்திக் குடும்பம். இந்தக் குடும்பத்தில் நமக்குத் தெரிந்தவை பெரும்பாலும் முழங்கால் உயரப் பூச்செடிகள். இது மரமாகி, ஆளைப்போல மூன்று மடங்கு உயரம் நிற்கிறது. தடித்த தண்டின் நுனியில் பெரிய இலைகள் ஒரு கொத்தாக மட்டும். காய்ந்த இலை எதையும் இது உதிர்ப்பதில்லை. பழைய இலைகள் தண்டைச் சுற்றி அடுக்கடுக்காகத் தொங்கிக் கனத்த உறையாகிவிடுகின்றன. எனக்கு அவை விடிகாலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் கம்பளியை உடம்போடு இழுத்துச் சுற்றிக்கொண்டு நிற்கும் எங்கள் தோட்டத்துப் பெண்களாகவே தெரிந்தன. அந்த உறை தண்டை உறையாமல் காக்கிறது. தண்டின் நடுவே இருக்கும் மென்சோற்றில் தண்ணீர் சேமிப்பு. காலையில் வெயில் இலையைச் சுடத் தொடங்கும்போது வேரைச் சுற்றிய மண் இன்னும் உறைந்தே இருக்கும், நீர் மேலே வராது. அந்த நேரத்துக்குச் செலவழிக்கத்தான் சேமிப்பு. மாலை சாய்ந்ததும் கொத்தின் வெளி இலைகள் உள்நோக்கி மடங்கி நடுக்குருத்தை மூடிக்கொள்கின்றன. சூரியன் ஏறியதும் திறக்கின்றன. காலை ஆறரைக்கு ஒன்றின் முன்னே உட்கார்ந்து, அது திறந்து முடியும்வரை பார்த்தேன். கண்ணுக்கு அசைவு தெரியாது. கொஞ்சம் வேறுபக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினால் தெரியும்.

லொபேலியாவின் தந்திரம் இன்னும் நுட்பமானது. இங்கே உயரத்தில் இரண்டு இனங்கள் பக்கத்தில் பக்கத்தில் வளர்கின்றன. லொபேலியா கெனியென்சிஸ் சதுப்பான இடத்தை விரும்பும். அதன் இலைக் கொத்து கிண்ணமாகக் குவிந்து தண்ணீரைத் தேக்கிவைக்கிறது. இரவில் அந்தத் தண்ணீரின் மேற்பரப்பு பனிக்கட்டியாகிறது. தண்ணீர் உறையும்போது வெப்பத்தை வெளியிடும் என்பது ஓஎல் வகுப்புப் பாடம். அந்தச் சிறு வெப்பமும் மேலே கிடக்கும் பனித்தகடும் சேர்ந்து, அடியில் உள்ள நீரையும் அதற்குள் மூழ்கியிருக்கும் இளங்குருத்தையும் உறைநிலைக்குக் கீழே போகவிடாமல் பிடித்துவைக்கின்றன. காலையில் விரலால் அந்தத் தகட்டைத் தட்டிப் பார்த்தேன். கண்ணாடித் தடிப்பு இருந்தது. அடியில் வழவழப்பான நீர், அதற்குள் ஏதோ பூச்சியின் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. இரவு முழுவதும் பனிக்கு அடியில் உயிரோடு இருந்தவை.

மற்றது லொபேலியா டெலெக்கி. இது காய்ந்த சரிவை விரும்பும். பல பத்தாண்டுகள் தரையோடு ஒட்டிய இலைக் கொத்தாகக் கிடந்து, ஒரு பருவத்தில் ஆளைவிட உயர்ந்த பூத்தண்டை எழுப்பும். தண்டு முழுவதும் சாம்பல் நிற மயிராய்த் தொங்கும் நீண்ட பூவடிச் செதில்கள். அவற்றை விலக்கினால்தான் நீலப் பூக்கள் தெரியும். பூத்து விதை கொட்டியதும் செடி செத்துவிடும். தாளிப்பனை பூப்பதைப் பேராதனையில் பார்த்தவர்களுக்கு இந்த வாழ்க்கை புதிதல்ல. கெனியென்சிஸ் அப்படியல்ல. பல கொத்துகளாகக் கிளைத்து, ஒன்று பூத்துச் செத்தாலும் மற்றவை நிற்கும். ஈரமும் காய்ச்சலும் மாறும் ஒரே பள்ளத்தாக்கில், நெருங்கிய இரண்டு உறவினங்கள் இரண்டு கணக்கில் வாழ்கின்றன. ட்ரூமன் யங் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் இந்த வேறுபாட்டையே ஆண்டுக்கணக்கில் இங்கே ஆராய்ந்தார்.

இவற்றுக்கு நம் ஊரிலும் ஓர் உறவு உண்டு. ஹோட்டன் சமவெளிப் பாதையோரத்தில் ஆளுயரத்துக்கு நீட்டி நிமிர்ந்து வெள்ளைப் பூக்கும் காட்டுப் புகையிலையைப் பார்த்திருப்பீர்கள். அது லொபேலியா நிக்கொட்டியானிஃபோலியா. நீலகிரியிலும் உண்டு. ஆபிரிக்க ராட்சத லொபேலியாக்களும் இதுவும் ஒரே பிரிவைச் சேர்ந்தவை. ஹோட்டன் சமவெளியில் இதைக் களை என்று நினைத்துக் கடந்து போயிருக்கிறேன். இப்போது நின்று பார்க்காமல் போக முடியவில்லை.

பூத்தண்டு இருக்கும் இடத்தில் தேன்சிட்டு இருக்கும். கரும்பச்சை மினுங்கும் உடல், நீண்ட வால், மார்பின் இருபக்கமும் சிவப்புக் குஞ்சம். குளிர்நீங்காத காலையில் லொபேலியாவின் மயிருக்குள் அலகை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தது. பூவிலுள்ள தேனும் பூச்சியும் அதற்கு. மகரந்தம் அடுத்த செடிக்கு.

ஹைரக்ஸ் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த மலையில் தங்கியவர்கள் யாரும் என்னை மன்னிக்க மாட்டார்கள். முயலைவிடப் பருத்த, வாலில்லாத, பழுப்பு மயிர்ப் பிராணி. ஷிப்டன் முகாமில், 4200 மீற்றரில், பாறைகளின் மேல் கூட்டமாக வெயில் காயும். சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுக் கையைக் கழுவப் போனால் தட்டு உங்களுடையதல்ல. எலிச் சாதி என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் இன்றுள்ள விலங்குகளில் இதற்கு நெருங்கிய சொந்தம் யானையும், நம் மன்னார்க் கடலின் கடற்பசுவும்தான். இரவில் இதன் கத்தல் கேட்டால் யாரையோ கழுத்தைப் பிடிக்கிறார்கள் என்று எழுந்து உட்காருவீர்கள். நான் உட்கார்ந்தேன்.

நிலத்துக்கடியில் வேறொரு குடித்தனம். புல்வெளியில் ஆங்காங்கே குவிந்த மண் மேடுகள், இந்த மலைக்கே உரிய நிலத்தடி எலியின் வேலை. அதைப் பிடித்துத் தின்ன மெக்கிண்டரின் பெயர் தாங்கிய கொம்பன் ஆந்தை உண்டு. பாறை முகட்டில் ஒன்று உட்கார்ந்திருப்பதாக வழிகாட்டி காட்டினார். எனக்குப் பாறை மட்டுமே தெரிந்தது.

தேயிலைக்காரன் என்ற முறையில் இன்னொன்று. ஷிப்டன் முகாமில் தண்ணீர் ஏறக்குறைய 86 பாகையிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு விறகு எரித்தாலும் சூடு ஏறாது. பெருமைக்குக் கையில் கொண்டுபோன நுவரெலியாத் தேயிலை அந்த நீரில் அரைவாசிதான் மலர்ந்தது. சுமைதூக்கி ஒருவர் போட்ட கென்யாக் குறுணை இரண்டு நிமிடத்தில் சாயத்தைக் கக்கியது. இதை எங்கள் அலுவலகத்தில் நான் சொல்லவில்லை. இங்கே எழுதுவதோடு சரி.

ஷிப்டனிலிருந்து லெனானாவை விட்டு, சிம்பா கணவாய் வழியாகக் கிழக்குப் பக்கம் இறங்கினோம். அந்தப் பக்கம் பனியாறு ஒருகாலத்தில் குடைந்த ஆழமான பள்ளத்தாக்கு. மேலிருந்து எட்டிப் பார்த்தால் அடியில் மைக்கல்சன் ஏரி. மலையின் மறுபக்கத்தில் இருப்பது லூயிஸ் பனியாறு. ஆபிரிக்காவில் அதிகம் அளக்கப்பட்ட பனியாறுகளில் ஒன்று. 1934இலிருந்து 2010க்குள் அதன் பருமனில் ஏறக்குறைய 90 சதவீதம் போய்விட்டது. பூமத்திய கோட்டில் பனியா என்று அன்று கேட்டவர்களின் கேள்வி இன்னும் கொஞ்ச நாளில் உண்மையிலேயே பொருத்தமாகிவிடும். தானா ஆறும் எவாசோ ங்கிரோ ஆறும் இந்த மலையிலிருந்தே நீர் பெறுகின்றன. ஆனால் அந்த ஆறுகளை நடத்துவது உருகும் பனியைவிட, மழையையும் மேகத்தையும் பிடித்துவைக்கும் காடும் சதுப்பும்தான் என்பதால், நான் அதிகம் கவலையோடு பார்த்தது கீழே.

சொகோரியா வழியாக இறங்குவது மலையை மறுபடியும் மேலிருந்து கீழாக வாசிப்பது. புல்வெளி, ஹீதர், ஹகேனியா மரங்கள், அப்புறம் மூங்கில். மூங்கில் அடுக்குக்குள் போனதும் வெளிச்சம் பச்சையாகிவிடுகிறது. பொங்கோ மான் வாழ்வது இத்தகைய ஈரக் காட்டில்தான். செம்பழுப்பு உடலில் வெள்ளைக் கோடுகள். காட்டில் மிஞ்சியிருப்பது நூறுக்கும் குறைவு என்பதே பொதுவான மதிப்பீடு. நன்யுகி அருகே இனப்பெருக்கம் செய்து வளர்த்தவற்றைக் காட்டுக்குப் பழக்க, 2022 மார்ச்சில் மாவிங்கு என்ற அடைப்புக் காட்டைத் திறந்திருக்கிறார்கள். அதற்கும் கீழே கற்பூர மரக் காடு. விலையுயர்ந்த மரம் என்பதால் களவாக வெட்டி வெட்டியே பெருமரங்களை முடித்துவிட்டார்கள். 1999இல் வனவிலங்குத் துறை விமானத்தில் பறந்து பார்த்து எடுத்த கணக்கு வெளிவந்த பிறகுதான் காட்டுக்குக் காவல் கடுமையானது.

காடு முடிந்த இடத்தில் தேயிலை தொடங்கியது.

நான் நின்றுவிட்டேன். மரங்களின் வரிசை, அதற்கு ஒட்டினாற்போல இடுப்பளவு வெட்டிவிட்ட தேயிலைப் பட்டை, அதற்குக் கீழே சிறு விவசாயிகளின் தோட்டங்களும் வாழையும் வீடுகளும். அந்தப் பட்டைக்கு நியாயோ தேயிலை வலயம் என்று பெயர். 1986இல் அரசு தொடங்கியது. காட்டின் விளிம்பில் ஏறக்குறைய 100 மீற்றர் அகலத்துக்குத் தேயிலையை நட்டு, அதையே வேலியாக்குவது திட்டம். யானை தேயிலையைத் தின்னாது. ஆள் அதைத் தாண்டி உள்ளே போய் விறகு வெட்டினால் தெரிந்துவிடும். கொழுந்து பறிக்கிற வேலையும் ஊரவர்க்குக் கிடைக்கும். குறை இல்லாத திட்டமல்ல. அந்தப் பட்டையை நடவே காட்டின் ஓரம் வெட்டப்பட்டது. யானைக்கு அது போதாமல் பிறகு ரைனோ ஆர்க் என்ற அமைப்பு மலையைச் சுற்றி மின்வேலியும் போட வேண்டி வந்தது. ஆனாலும் தேயிலை காட்டுக்குக் காவலாக நிற்பதை என் வாழ்நாளில் அங்கேதான் கண்டேன்.

ஏனென்றால் எங்கள் பக்கத்தில் தேயிலை காட்டைத் தின்று வளர்ந்தது. முதலில் கோப்பி. 1869இல் இலைத் துரு நோய் வந்து கோப்பியை அழித்ததும் தேயிலை. மலையின் அடிவாரமும் உச்சியும் ஏதோ ஒரு வகையில் தப்பின. இடுப்பு முழுவதும் போய்விட்டது. தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873இல் 5000 அடிக்கு மேலுள்ள காட்டை விட்டுவைக்கும்படி சொல்லியிராவிட்டால் ஹோட்டன் சமவெளியும் இன்று ஏதோ ஒரு தேயிலைத் தோட்டத்து டிவிஷனின் பெயராக இருந்திருக்கும். அது 1988இல் தேசியப் பூங்காவானது. 3160 ஹெக்டேயர். அழகான இடம்தான். கொம்பு மூக்கு ஓணானும், அற்றுப்போயிற்று என்று நினைத்திருக்க 2010இல் படம் வெளிவந்த தேவாங்கும் அங்கே இருக்கின்றன. ஆனால் அது தேயிலைக்கு நடுவே மேலே தனித்துப்போன ஒரு தீவு. அங்கே இன்று யானை இல்லை. ரொஜர்ஸ் என்ற ஆங்கில மேஜர் ஒருவரே 1400 யானைகள் வரை சுட்டதாகச் சொல்வார்கள். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். இன்றைக்கு யானை கீழிருந்து ஏறிவர நினைத்தாலும் வழி எது?

காட்டை வெட்டியவர்கள் என் பாட்டன் பூட்டன்மார்தான். வெட்டச் சொன்னவர்களும் விற்றுச் சம்பாதித்தவர்களும் வேறு ஆட்கள். கென்யாவிலும் வெள்ளையர் ஆட்சி நிலத்தைப் பறித்தது. 1950களில் மாவ் மாவ் போராளிகள் இந்த மலையின் காட்டில்தான் மறைந்திருந்தார்கள். அவர்களை ஊரிலிருந்து பிரிக்கக் காட்டோரம் கட்டாய உழைப்பில் அகழி வெட்டுவித்தார்கள். ஆக, அவர்களுக்கு நல்ல துரை வாய்த்ததால் காடு மிஞ்சியது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

வித்தியாசம் தெரிந்தது வேறோரிடத்தில். மலை ஏறுவதற்கு முன்பே, சிரிமோன் திருப்பத்தைத் தாண்டிப் போய் நன்யுகி – மெரு நெடுஞ்சாலையில் பார்த்ததை இங்கே சொல்கிறேன். அந்தச் சாலைக்கு அடியில் யானைகளுக்கென்று ஒரு சுரங்கப் பாதை கட்டியிருக்கிறார்கள். 2011 ஜனவரியில் திறந்தார்கள். மேலே லொறிகள் ஓட, கீழே யானைகள் கடக்கின்றன. மலைக்காட்டையும் வடக்கே ங்கரே ந்தாரே காட்டையும் லேவா சமவெளியையும் இணைக்கும் 14 கிலோமீற்றர் ஒடுங்கிய பாதையின் ஒரு கண்ணி அது. திறந்த உடனேயே டோனி என்று பெயரிட்டிருந்த ஆண் யானை ஒன்று முதல் ஆளாகக் கடந்ததாம். பிறகு நூற்றுக்கணக்கில் பழகிவிட்டன. 2013இல் உலக மரபுரிமை எல்லையை லேவா வரை நீட்டினார்கள். மேட்டுக் காட்டுக்கும் கீழ்ச் சமவெளிக்கும் நடுவே அறுந்த வழியை இவர்கள் திரும்ப முடிந்துவைத்திருக்கிறார்கள். 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம் ரயில் மோதி ஆறு யானைகள் செத்த செய்தி வந்தபோது, அலுவலகத்தில் எல்லோரும் சாரதியைப் பற்றியும் வேகத்தைப் பற்றியும் பேசினார்கள். தண்டவாளத்துக்கு அடியில் ஒரு வழி விட்டால் என்ன என்று கேட்டேன்.

“தம்பி, மனிசருக்கே இங்கை ஒழுங்கான கடவை இல்லை,” என்றார் நம் யாழ்ப்பாணத்து அண்ணை. காலி வீதியை நாள்தோறும் கடக்கிறவர் அவர். மறுக்க முடியவில்லை.

ஆனால் கணக்கு நமக்கும்தான். மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் ஹோட்டன் சமவெளியை ஒட்டிய மேட்டுக் காடுகளே தலைநீர். வெள்ளவத்தையில் நான் திறக்கும் குழாயின் தண்ணீர் அம்பத்தளையில் களனியிலிருந்து எடுத்தது. எல்லாத் தோட்டத்தையும் பிடுங்கிக் காடாக்கு என்று நான் சொல்ல மாட்டேன். என் சம்பளமும் எத்தனையோ பேரின் சோறும் அதில் இருக்கிறது. விளைச்சல் விழுந்து கைவிட்ட தேயிலை மலைகள் ஆங்காங்கே புல் மண்டிக் கிடக்கின்றன. ஓடைக் கரைகளும் முகடுகளும் அப்படியே. ஹோட்டன் சமவெளியிலிருந்து சிவனொளிபாதக் காடு வரை உள்ள இடைவெளிகளில் அத்தகைய துண்டுகளைத் தேர்ந்து மரத்துக்கு விட்டால், கொழுந்துக் கணக்கில் நட்டம் சின்னதாகத்தான் இருக்கும். தோட்டத்து மக்களுக்கே அந்த வேலையைச் சம்பளத்தோடு கொடுக்கலாம். பறித்துப் பழகிய கைக்கு நடத் தெரியாதா?

போக விரும்புகிறவர்களுக்கு: ஜனவரி – பெப்ரவரியும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையும் மழை குறைவு. தனியாக உள்ளே விடமாட்டார்கள், வழிகாட்டி வேண்டும். மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம் போடுங்கள். கென்யாவிலிருந்து திரும்பும்போது கட்டுநாயக்காவில் அட்டையைக் கேட்பார்கள். நான் போட்டது பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவன வளாகத்தில். சிரிமோனால் ஏறிச் சொகோரியாவால் இறங்கினால் மலையின் காய்ந்த பக்கமும் ஈரப் பக்கமும் இரண்டும் கிடைக்கும். உயரத்தில் தலையிடி வந்தால் வீராப்புக் காட்டாமல் கீழே இறங்குங்கள். லெனானாவும் பார்த்தாக வேண்டும் என்றால் இருட்டில் வேண்டாம், ஆறு மணிக்குப் புறப்படலாம் என்று வழிகாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். மேலே போய்ச் சேர்வதற்குள் மேகம் மூடிவிடக்கூடும். வழி நெடுக செனெசியோக்கள் திறந்துகொண்டிருக்கும்.